சைபர் மில்லிமீட்டர்

1

“மழைய அளந்தா அது நின்னுடுமாடி?”

சரளாக்கா கேட்ட கேள்வி. வட சென்னை எர்ணாவூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நிற்கும் எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடியில், ஒரு பெரிய குளிர்பான பாட்டிலை அறுத்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அவர் துணி காயப்போட வந்திருந்தார்.

“நிக்காதுக்கா. எவ்ளோ பெஞ்சுதுன்னு தெரியும்.”

“அது தெரியாமயா கீறேன்? எம் பாவாட எவ்ளோ நனைஞ்சிகீதுன்னு பாத்தா போச்சு. அதுக்கு இன்னாத்துக்கு ஒரு பாட்டிலு, ஒரு ஸ்கேலு, ஒரு நோட்டு?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

இன்று நான் வட ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரில் இருக்கிறேன். வளிமண்டல அறிவியலில் மேற்படிப்பு முடித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு வானிலை சொல்லிக்கொடுக்கும் ஓர் அறிவியல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று வகுப்பாக வருவார்கள். முதல் பாடம் மழைமானி. அவர்கள் கண்முன்னால் பாட்டிலை அறுத்து, வாய்ப்பகுதியைப் புனல்போலக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, ஸ்கேலை ஒட்டிக் காட்டுவேன். அதே பாட்டில், அதே ஸ்கேல். சரளாக்காவுக்கு நல்ல பதில் கொடுத்துவிட்டேன் என்று வெகுகாலம் வெளியே பெருமையாக நடந்துகொண்டேன்.

உள்ளே அப்படி இல்லை. சரளாக்கா இறந்து இந்த டிசம்பரோடு பத்து வருஷம்.

2

என் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கைநாட்டு. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். இங்கே வேலைக்கு நேர்காணல் நடந்தபோதுகூடச் சொன்னேன். எதிரே இருந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளியில் வானிலை மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பதினோரு பேர் சேர்ந்து, மாதக் கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு புரிந்த அன்று, எங்கள் மொட்டை மாடியின் நீள அகலத்தை அடியால் அளந்து, முந்தின நாள் மழையில் மாடியில் மட்டும் எத்தனை குடம் விழுந்தது என்று கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “அத்தினி கொடமா? லாரித் தண்ணிக்கு நாம குந்திகினு கீறோம்!” என்றார் அம்மா. அவர் சொன்ன கோணத்தில் அதுவரை நான் யோசிக்கவில்லை.

எங்களிடம் காற்றுத்திசை காட்டி கிடையாது. எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள்தான் காட்டி. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வேன். படிக்கட்டின் அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், உடைந்த கரும்பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டி, அன்றன்றைய அளவை எழுதத் தொடங்கினேன். முதலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒவ்வொருவராக வந்தார்கள். “இன்னிக்கு எவ்ளோ பாப்பா?” என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். நானும் என் அறிவைக் கூட்டி ஒரு தாள் எழுதினேன். ‘இருபது மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பயம் வேண்டாம்’ என்பது அதில் முதல் வரி. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. இரண்டு மாத நோட்டைப் பார்த்து நானே கண்டுபிடித்த விதி.

அதற்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் வேறொரு விதி இருந்தது. கீழ் வீட்டுக்காரர்களின் விதி. சாக்கடைக்குள் இருக்கும் பெருச்சாளிகள் பட்டப்பகலில் வெளியே வந்து படி ஏறினால், தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். உடனே பாயையும் அடுப்பையும் போர்வையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். முதலில் மூட்டை கட்டுபவர் எப்போதும் சரளாக்காதான். மேல் மாடிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். “சரளா, பெருச்சாளி உனக்கு போன் போட்டுச்சா?” என்பார்கள். “உன்ன மாதிரி மூணாவது மாடியா எனக்கு? நா கீழ கீறேன், அதுவும் கீழ கீது. எங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும்” என்பார் அவர்.

அந்த விதியை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். மன்றத்துக்காக எழுதிய கட்டுரையில் ‘மூடநம்பிக்கைகள்’ என்று தலைப்பிட்டு அதைச் சேர்த்திருந்தேன்.

3

இங்கே டிசம்பரில் மூன்றே முக்காலுக்கு விளக்குப் போட வேண்டும். மழை என்று ஒன்று தனியாகப் பெய்வதில்லை. காற்றிலேயே ஈரம் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் மஞ்சள் கோட்டுமாக வந்து நிற்பார்கள். அவர்களுக்கு மழை ஒரு விளையாட்டுச் சாமான்.

போன நவம்பரில் ஊருக்கு வர ஏற்பாடு செய்திருந்தேன். வந்து ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். என்ன விஷயம் என்று பிறகு சொல்கிறேன். அதற்குள் என் வசிப்பு அட்டையின் காலம் முடிந்தது. புதுப்பிக்காமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே வருவது சந்தேகம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு நாள் அவர்களே போன் செய்து, திடீரென்று ஓர் இடம் காலியாகியிருக்கிறது, நாளைக்கே வாருங்கள் என்று நேரம் சொன்னார்கள். ஜெர்மனில் எட்டரையை ‘பாதி ஒன்பது’ என்பார்கள். ஒன்பதை எட்டுவதற்குப் பாதி வழி என்று கணக்கு. ஐந்து வருஷமாகத் தெரிந்ததுதான். ஆனால் சந்தோஷத்தில் என் தலை அதை ஒன்பதரை என்று எழுதிக்கொண்டது. ஒன்பது இருபதுக்கே போய் மிடுக்காக உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் திரையைப் பார்த்து, “நீங்கள் வரவில்லை என்று பதிவாகிவிட்டது” என்றார். வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறேன். “ஆனால் வரவில்லை” என்றார். அடுத்த நேரம் ஜனவரியில்.

எட்டரை. நான் மழை அளந்த நேரம். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அதில் நிம்மதியும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நேரில் சொல்ல வேண்டியதை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போடலாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை. வகுப்பில் பாட்டிலை அறுத்துக் காட்டி முடித்தேன். லேனா என்ற சிறுமி கையைத் தூக்கினாள்.

“எங்கள் வீட்டு நிலவறைக்குத் தண்ணீர் வந்தது வெயிலடித்த ஒரு நாளில். மழையே இல்லை. கடலில் காற்று அடித்ததால் ஆறு பின்னால் வந்தது என்று அப்பா சொன்னார். இந்த பாட்டில் அதைச் சொல்லுமா?”

“சொல்லாது” என்றேன்.

“அப்படியானால் நீங்கள் அதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?”

மரியாதையாகத்தான் கேட்டாள். அவளுடைய ஆசிரியை சிரித்தார். நான் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தேன். மழைமானி தன் வாய்க்குள் விழுந்ததை மட்டும்தான் அறியும். ஆற்றின் மேல்பக்கம் பெய்தது, ஏரியில் திறந்தது, கடல் எதிர்த்துத் தள்ளியது எதுவும் அதற்குத் தெரியாது. பட்டம் வாங்கியிருக்கிறேன், இது தெரியாதா எனக்கு? தெரியும். மூன்று வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

4

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை நான் அளப்பதற்குள் நின்றுவிட்டது; ஐந்தாம் நாள் விடியும்போது வானம் வெளுத்து வெயில் வந்துவிட்டது. எட்டரைக்கு மாடி ஏறிப் பார்த்தேன். முந்தின நாள் தண்ணீரைக் கொட்டி வைத்திருந்த பாட்டிலில் ஒரு சொட்டுக்கூட இல்லை. நோட்டில் ‘0’ போட்டேன். கீழே போய்ப் பலகையில் ‘சைபர் மில்லிமீட்டர்’ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு சூரியனும் வரைந்துவிட்டு மறுபடி மாடிக்கு வந்தேன்.

பத்து மணி சுமாருக்குச் சரளாக்கா வந்தார். இடுப்பில் ஆறு வயது மகி. அவருடைய ஒரே மகள். கணவர் டில்லி அண்ணன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கப் போயிருந்தார். சரளாக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். கையெல்லாம் மாவு.

“பாப்பா, பெருச்சாளி ஏறுது. ரெண்டு இல்ல, மூணு. படிலயே குந்திகினு என்ன மொறைக்குது.”

“அதுங்க மழைக்கு வந்திருக்கும்க்கா.”

“மழதான் நின்னுபூட்ச்சே? வெயிலுக்கு இன்னாத்துக்கு வருது?”

நல்ல கேள்வி. இந்த ஊர் லேனா கேட்டதற்குச் சற்றும் குறைந்ததில்லை. எனக்கு அன்று அது காதில் ஏறவில்லை.

“ஏரி தொறந்துட்டாங்கோன்னு டீக்கடைல சொல்லிகினு கீறாங்க. மூட்டய கட்டட்டா? ஊறப்போட்ட அரிசி ஒரு குண்டான் கீது. வுட்டுட்டு போனா புளிச்சி நாறிடும். நீ சொல்லு. நீதான் படிச்ச பொண்ணு.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் உடம்பில் உணர முடிகிறது. என் பாட்டிலைப் பார்த்துச் சிரித்த பெண்மணி, என் பாட்டிலிடம் வந்து கேட்கிறார். நான் பாட்டிலைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேராகக் காட்டினேன்.

“பாருங்கக்கா. சைபர். மழையே இல்லாம தண்ணி எங்கேருந்து வரும்? நீங்க போய் அரைங்க.”

பாட்டிலை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, நீ சொன்னா சரி” என்றார். “இவ உன்னாண்டயே கீட்டும். கிரைண்டரு ஓடறப்ப கைய வுடுவா.” மகியை இறக்கிவிட்டுப் போனார்.

மற்ற கீழ் வீட்டுக்காரர்கள் பலகையைப் பார்த்தும், சரளா மூட்டை கட்டவில்லை என்பதைப் பார்த்தும் இருந்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு மேல் கால்வாயில் ஆகாயத்தாமரை நகர்வதைக் கண்டேன். அது எப்போதும் எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்துப் போகும். அன்று எண்ணூரிலிருந்து எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மேலே திறந்த ஏரித்தண்ணீர் முகத்துவாரத்துக்கு வந்து, பொங்கிய கடல் அதை உள்ளே விடாததால், கால்வாய் வழியாகத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. இது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது நான் செய்தது, மகியைத் தூக்கிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே காட்டியதுதான். “பாரு மகி, தாமரையெல்லாம் பின்னாடி போகுது!” அவள் கைதட்டினாள்.

பிறகு சாக்கடை மூடிகள் கொப்பளித்தன. தெரு கறுத்தது. கத்தினார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியேறி வந்தார்கள். சரளாக்கா வரவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தண்ணீருக்குள் போயிருக்கிறார். பிளக் போர்டு தரையில் கிடந்தது, கரண்டு தண்ணீரில் பாய்ந்திருந்தது.

நான் மகியின் முகத்தை என் தாவணியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு முட்டி என்னைக் கடித்தாள்.

5

மறுநாள் அழுகைக்கு நடுவில் யாரோ ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார், அமுதா மட்டும் அந்தக் குழந்தையை மாடியில் வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று. ஒருவர் சொன்னதைப் பத்துப் பேர் சொன்னார்கள். டில்லி அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் பள்ளியில் என்னை மேடை ஏற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்றிய மாணவி. என் தாளை லேமினேஷன் செய்து, என் போட்டோவை மூலையில் ஒட்டி, மன்றத்தின் சுவரில் மாட்டினார்கள். ‘இருபது மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பயம் வேண்டாம்.’

அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கழற்றவில்லை.

சரளாக்கா மாடிக்கு வந்து என்னிடம் கேட்டது யாருக்கும் தெரியாது. கேட்டவர் போய்விட்டார். கூட இருந்த குழந்தைக்கு நினைவில்லை. பாக்கி நான் ஒருத்தி. கல்லூரி முடித்தேன், உதவித்தொகை கிடைத்து விமானம் ஏறினேன். விமான நிலையத்துக்கு டில்லி அண்ணன் மகியோடு வந்து மாலை போட்டார். காவலுக்கு நின்றவரிடம், “எம் பொண்ணுக்கு உசிரு குடுத்தது சார் இது” என்றார். அதை எல்லோரிடமும் சொல்வார். சொல்லச் சொல்ல நான் சிறுத்துப்போவேன்.

6

லேனா கேள்வி கேட்ட அதே நாள், மதியம் சாப்பாட்டு இடைவேளை. கைபேசியில் மகி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஊரில் மாலை நாலரை இருக்கும். மகிக்கு இப்போது பதினாறு. அதே பள்ளி, அதே மன்றம். படத்தில் அதே படிக்கட்டு, புதுப் பலகை: ‘இன்று 5 மி.மீ. பயம் வேண்டாம்.’ காலையில்தான் செய்தி பார்த்திருந்தேன். ஏரி திறந்திருக்கிறார்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். கடல் ஏற்ற அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். அமாவாசை, கடல் அதிகம் ஏறும் நாள். கூப்பிட்டேன்.

“அக்கா! போர்டு பாத்தியா? சூப்பரா எழுதிகீறேன்ல?”

“மகி, கீழ் வீட்ல யார் யார் இருக்காங்க?”

“எல்லாந்தான் கீறாங்க. ராணிக்கா பொண்ணு புள்ள பெத்துகினு வந்துகீது. பதினோரு நாளு கொழந்த, இத்துனூண்டு கீது. ராணிக்கா என்னாண்ட வந்து மேல ஏறணுமாடின்னு கேட்டுச்சு. அஞ்சு மில்லிமீட்டருக்கா இம்மாம் பயம், பேசாம குந்துன்னு சொல்லிட்டேன்.”

“மேல ஏத்து. எல்லாரையும். இப்பவே.”

“இன்னாக்கா பேஜார் பண்ற? உன் தாள்ல அப்டி இல்லியே.”

“தாள் தப்பு மகி.”

“ஜோக்கு அடிக்காத. உன் போட்டோவே ஒட்டிகீது அதுல. போன வருசம் சும்மாங்காட்டியும் மேல ஏறி ஒண்ணும் வர்ல, ஒரு மாசம் ராணிக்காவ ஓட்டிகினே இருந்தாங்க. இப்ப நா போயி சொன்னா என்ன ஓட்டுவாங்க. காரணம் சொல்லு, ஏத்தறேன்.”

ஏரி, கடல் ஏற்றம், கால்வாய் எதிர்த்து ஓடுவது, எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிஷம் பாடம் நடத்தினேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்புவாள்? சுவரில் இருக்கும் அமுதா ஒன்று சொல்கிறாள், போனில் இருக்கும் அமுதா வேறொன்று சொல்கிறாள். சுவரில் இருப்பவள்தான் அவளைக் காப்பாற்றியவள்.

“சரிக்கா, கட் பண்றேன், டியூசனுக்கு டைம் ஆவுது” என்றாள்.

“மகி, உங்கம்மா என்கிட்ட கேட்டாங்க.”

“இன்னா கேட்டாங்க?”

“இதேதான். மேல ஏறணுமான்னு. அன்னிக்குக் காலைல மாடிக்கு வந்து கேட்டாங்க. நான் பாட்டிலைக் காட்டி, மழை இல்ல, தண்ணி வராது, போய் மாவு அரைங்கன்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யார் வீட்டிலோ டி.வி. ஓடியது. போன் துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

“அம்மாவுக்கு பெருச்சாளி வெச்சி தெரியும்னு அப்பா சொல்லும். அன்னிக்கு ஏன் போவலன்னு அப்பா இன்னிக்கும் பொலம்பும்” என்றாள். குரல் மாறியிருந்தது. “அன்னிக்கு வந்துச்சா அது?”

“வந்துச்சு. மூணு. உங்கம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

“ஏன் இத்தினி வருசம் சொல்லல நீ?”

“பயம்.”

“இன்னா பயம்? நாங்க உன்ன அடிச்சிருப்பமா?”

“நீங்க என்னைக் கும்பிடறதை நிறுத்திடுவீங்கன்னு” என்றேன். பத்து வருஷத்தில் நான் சொன்ன மிக உண்மையான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மதியம் இன்னொரு வகுப்பு இருந்தது. நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. வகுப்பு முடிந்து பார்த்தபோது ஒரு படம் வந்திருந்தது. சொல் எதுவும் இல்லை, படம் மட்டும். பலகையைக் கையாலேயே அழித்திருக்கிறாள், விரல் தடங்கள் தெரிந்தன. அதன்மேல் கோணல்மாணலாக: ‘கீழ் வூடு எல்லாரும் மேல ஏறுங்க. எங்கம்மா மேல சத்தியம்.’

7

தண்ணீர் வந்து வீடுகளை மூழ்கடித்தது, பதினோரு நாள் குழந்தை மேல் மாடியில் பத்திரமாக இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. கீழ் வீடுகளின் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே நின்று, மறுநாள் மத்தியானம் வடிந்துவிட்டது. ராணிக்காவின் மகள் பச்சை உடம்போடு மூன்று மாடி ஏறியதில் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் அம்மா போனில் சொன்னார், மகியை எல்லோரும் ஓட்டுகிறார்களாம். “இன்னாடி, ஜெர்மன் காத்து அட்ச்சுதா?” என்கிறார்களாம். அவள் பலகையில் எழுதுவதையே நிறுத்திவிட்டாளாம்.

ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காகத்தான் அவளிடம் சொன்னேனா, வீணாக அந்தப் பெண்ணின் மனசை உடைத்தேனா என்று தினமும் டிராமில் உட்கார்ந்து யோசித்தேன். அலுவலக வேலையாக ஒன்று மட்டும் செய்தேன். பாடத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். மழைமானிக்குத் தெரியாதது என்ன என்று இப்போது பாட்டிலை அறுப்பதற்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்கிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது நல்லது. எர்ணாவூருக்கு அதனால் என்ன?

மகி பேசவில்லை. முன்பெல்லாம் பருக்கு மருந்து கேட்டு, ரீல்ஸ் அனுப்பி, பனி விழுகிறதா என்று விசாரித்து, நாளைக்கு நான்கு முறை கூப்பிடுவாள். ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள், சனிக்கிழமை, ஒரே ஒரு வரி வந்தது.

“அப்பாகிட்ட நீ சொல்றியா, நா சொல்லட்டா?”

எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. ‘நானே சொல்றேன். நாளைக்கு’ என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டில்லி அண்ணன் வீட்டில் இருப்பார். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு டி.வி. பார்க்கும் நேரம். இங்கே காலை பத்தரை. ஞாயிறுகளில் இந்த ஊர் செத்த மாதிரி இருக்கும், எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பூனையைத் தவிர அசைவில்லை. இந்தக் குறிப்பை நீங்கள் படிக்கும் முன்னால் அவர் இதை என் வாயால் கேட்டிருக்க வேண்டும். நேரில் சொல்வதற்கு ஜனவரிவரை காத்திருக்க இனி எனக்கு உரிமை இல்லை. எழுதி வைத்துக்கொண்டு படிக்கலாமா என்று ஒரு தாளை எடுத்தேன், பிறகு அதை மடித்துவிட்டேன். கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லு கண்ணு. குளிரு எப்டி கீது? சாப்ட்டியா?”

“சாப்ட்டேண்ணா. பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“மகி கீது. இன்னாவோ தெர்ல, நீ கூப்டுவன்னு சொல்லி காலைலேர்ந்து போன என் கைலயே குடுத்து வெச்சிகீது. டி.வி.யும் போட வுடல. இன்னா விசயம்? எதுனா கல்யாண சேதியா?”

“இல்லண்ணா. கொஞ்சம் உக்காருங்க.”

பிளாஸ்டிக் நாற்காலி சிமென்ட் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அதை இழுத்தது அவரா மகியா என்று தெரியவில்லை.

“குந்திட்டேன். சொல்லும்மா” என்றார்.

“அன்னிக்குக் காலைல சரளாக்கா மாடிக்கு வந்தாங்கண்ணா” என்று ஆரம்பித்து, கடைசிவரை நிறுத்தாமல் சொன்னேன்.